குளிக்கிற தண்ணீர் போகும் இடம்

கலைமதி எந்தப் பழைய வீட்டுக்கு வயரிங் பார்க்கப் போனாலும், மெயின் போர்டு எங்கே இருக்கிறது என்று முதலில் கேட்பதில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்று, "குளிக்கிற தண்ணி எங்கிட்டுப் போகுது?" என்பார். கரண்ட் வேலைக்கு வந்தவள் சாக்கடையை விசாரிக்கிறாளே என்று சிரிப்பவர்கள் உண்டு. அன்னவாசல் கடைத்தெருவில் 'தண்ணி வயர்மேன்' என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இந்தக் கேள்வியை அவர் கேட்கத் தொடங்கியது போன வருடம் சித்திரையிலிருந்து. குடுமியான்மலையில் தங்கமுத்து வீட்டில் ஒரு நாள் காலை எட்டே முக்காலிலிருந்து மதியம் ஒன்றரை வரை நடந்ததுதான் காரணம்.

கலைமதிக்கு நாற்பத்து நாலு வயது. ஒன்பதாவதோடு படிப்பு நின்றுபோய், சிவசாமி என்பவரின் மோட்டார் வைண்டிங் கடைக்குச் சுருள் சுற்றப் போனார். கருகி வந்த மோட்டாரைப் பிரிக்கும்போது எந்தச் சுருள் கரியாகியிருக்கிறது, எது புதிது போலவே இருக்கிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்வார். மூன்றில் ஒரு பேஸ் வராமல் ஓடிய மோட்டார் ஒரு விதமாகக் கருகும். தண்ணீர் இறங்கிய மோட்டார் வேறு விதமாக. யாரும் சொல்லித் தந்ததில்லை. பத்து வருடத்துக்கு மேல் அப்படிப் பார்த்த பிறகு, மோட்டாரைக் கொல்வது பாதி நேரம் மோட்டாருக்கு வெளியே இருக்கும் வயர்தான் என்று முடிவுக்கு வந்து, வீடுகளுக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தார். வயர்மேன் லைசென்ஸ் பரீட்சை எழுதியது அதற்கு நாலு வருடம் கழித்து. வைண்டிங் கடைப் பழக்கம் மட்டும் கையை விட்டுப் போகவில்லை. எந்த இணைப்பையும் ஏழு முறுக்கு முறுக்கி, சுருளுக்குச் சுற்றும் வெள்ளைப் பருத்தி டேப்பைச் சுற்றி, மேலே வார்னிஷ் தடவுவார். ஊரில் மற்ற எல்லோரும் கறுப்பு டேப்தான்.

அன்றைக்குக் கூப்பிட்டது தங்கமுத்துவின் மனைவி சொர்ணம். தங்கமுத்து பத்தொன்பது வருடம் குவாரியிலும் கல் கிரஷரிலும் வேலை பார்த்தவர். தூசி நெஞ்சில் இறங்கி, இரண்டு வருடமாக மூக்கில் குழாயோடு இருக்கிறார். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் ஒன்றை ஒரு டிரஸ்ட்காரர்கள் இரவலாகக் கொடுத்திருந்தார்கள். பங்குனியில் அது கருகிப் போனது. அதற்கு முன் டிவி. அதற்குப் பின் வந்த இரண்டாவது மிஷினும், கூடவே இன்வெர்ட்டரும் சித்திரை முதல் வாரத்தில் போயின. மூன்றாவதைக் கொண்டுவந்து வைத்தவர், இதுவும் போனால் கொடுக்க வேறு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த மூன்றாவது மிஷின் அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றது. தங்கமுத்து நாலு நாளாக ஆக்சிஜன் சிலிண்டரில் இருந்தார்.

"செருகவே பயமா இருக்குத்தா," என்றார் சொர்ணம். "கரண்ட்டு எகிறுனா காப்பாத்தும்னு இந்த ஸ்பைக் டப்பா ரெண்டு வாங்கிப் போட்டேன். செகப்பு லைட்டு எரியுது, அழகா. மிஷினு மட்டும் போயிருச்சு."

"அது இடி விழுந்தா வர்ற மாதிரி பட்டுன்னு ஒரு அடி அடிச்சா வாங்கிக்கும் அத்தே. அரை மணி நேரம் நின்னு அடிச்சா அதால முடியாது."

"அம்புட்டு நேரம் எவன் நின்னு அடிக்கிறான்?"

"அதைத்தான் பாக்கணும்."

கட்டிலிலிருந்து தங்கமுத்து கை காட்டினார். அவர் பேசுவதெல்லாம் மூன்று சொல்லுக்கு ஒரு மூச்சு. "ஈபிக்காரனத்தான்... திட்டுறா தெனமும். அவனுக்குப்... பொரை ஏறியே... செத்துருவான்."

ஒன்பது மணிக்குப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தம் என்று முதல் நாளே செல்லில் செய்தி வந்திருந்தது. ஒன்றரை மணிக்குத்தான் திரும்ப வரும். கலைமதி கடிகாரத்தைப் பார்த்தார். கையில் பதினைந்து நிமிடம் இருந்தது. சிலிண்டர் மீட்டரின் முள்ளையும் பார்த்தார். பாதிக்குக் கீழே நின்றது.

"வேற சிலிண்டர்?"

"ரெண்டும் காலி. ஆனந்தராஜு புதுக்கோட்டைக்குக் கொண்டுட்டுப் போயிருக்கான், நிரப்ப." ஆனந்தராஜ் அவர்கள் மகன். "அங்க ஒரே கூட்டமாம். நாலு மணியாகும்ங்கிறான்."

இருக்கும் சிலிண்டரும் ஒன்றரை மணி வரைதான் வரும் என்று கலைமதி கணக்குப் போட்டார். ஆக, கரண்ட் வந்தவுடன் மிஷின் ஓடியாக வேண்டும். ஓடினால் மட்டும் போதாது, கருகாமல் ஓட வேண்டும்.

மிஷின் செருகும் பிளக்கில் வோல்டேஜ் பார்த்தார். 231. குற்றம் சொல்ல முடியாத கரண்ட்.

"மிஷின் போன அன்னைக்கு வீட்டுல வேற என்ன ஓடிக்கிட்டிருந்துச்சு?"

"ஒண்ணும் ஓடல."

"முதல் மிஷின் எத்தனை மணிக்குப் போச்சு?"

"காலைல. மாமாவைக் குளிப்பாட்டப் போறதுக்கு முன்ன."

"ரெண்டாவது?"

சொர்ணம் யோசித்தார். "அதுவும் குளிப்பாட்டுறதுக்கு முன்னதான்."

"வெந்நி அடுப்புலயா, ஹீட்டர்லயா?"

"ஹீட்டர்தான். அதுவும் ஒரு பீத்தல். முன்னெல்லாம் கா மணி நேரத்துல சுடும். இப்ப ரெண்டு மாசமா ஒரு மணி நேரம் ஆவுது. பிரிட்ஜு வேற, தொட்டா சுருக்குங்குது. செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் மோர் எடுக்கிறேன்."

கலைமதி நிமிர்ந்து பார்த்தார். "அத்தே, செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயி ஹீட்டர் சுவிட்ச மட்டும் போடுங்க. தண்ணியில கை வைக்காதீங்க."

மீட்டர் முனைகளைப் பிளக்கில் பிடித்தபடியே நின்றார். உள்ளே சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது. மீட்டரில் 231 இருந்த இடத்தில் 270, பிறகு 288. 296-இல் போய் நின்றது. தலைக்கு மேலே குண்டு பல்பு வெள்ளையாக எரிந்து கண்ணைக் கூச வைத்தது.

"அணைங்க! அணைங்க அத்தே!"

சொர்ணம் அணைப்பதற்குள் வீடே அணைந்தது. மணி ஒன்பது.

கரண்ட் கம்பத்திலிருந்து எகிறி வரவில்லை. வீட்டுக்குள்ளேயே எகிறுகிறது. அந்த வீட்டுக்கு மூன்று பேஸ் இணைப்பு, கரண்ட் உள்ளே வர மூன்று தனிக் கம்பிகள். மிஷின் ஒரு பேஸில், ஹீட்டர் இன்னொரு பேஸில். இரண்டுக்கும் பொதுவாகத் திரும்பிப் போகும் வழி நியூட்ரல் என்ற ஒரே கம்பி. அந்த வழி அடைபட்டால், ஹீட்டர் பக்கம் வோல்டேஜ் இறங்கும், மிஷின் பக்கம் ஏறும். தங்கமுத்துவைக் குளிப்பாட்ட வெந்நீர் போடும்போதெல்லாம் அவருடைய மிஷின் அடி வாங்கியிருக்கிறது.

மெயினை இறக்கி, மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சேலை மடியில் கட்டிக்கொண்டார் கலைமதி. வேலை முடியும்வரை கட்டை அவரிடம்தான் இருக்கும். யார் வீட்டிலும் அப்படித்தான்.

அந்த வீடு கட்டி ஐம்பது வருடம் இருக்கும். செம்புறைக்கல் சுவர், இரண்டடி கனம். வயர் எல்லாம் சுவரின் மேல் மரப்பட்டைக்குள் ஓடியது. உள்ளே இருப்பது அந்தக் காலத்து அலுமினியக் கம்பி. முன்பக்க மீட்டர் பெட்டியிலிருந்து உள்போர்டு வரைக்கும் மரப்பட்டை மூடியை ஒவ்வோர் அடியாகக் கழற்றிக்கொண்டே போனார். சுவருக்குள் நுழையும் இடத்தில் நியூட்ரல் கம்பியைத் தொட்டதும் அது நொறுங்கிக் கையோடு வந்தது. வெள்ளைப் பொடி. நேற்று இற்றதல்ல, அது போய் வருடக்கணக்காகியிருக்க வேண்டும்.

அப்படியானால் இத்தனை வருடம் வீடு எதில் ஓடியது?

உள்போர்டின் அடி மூடியைத் திறந்தார். நியூட்ரல் கட்டையில் ஒரு தனிக் கம்பி வந்து சேர்ந்திருந்தது. கசியும் கரண்டைப் பூமிக்குள் இறக்கக் கொல்லைப்பக்கம் தோண்டிய எர்த் குழியிலிருந்து வரும் கம்பி. நியூட்ரல் அறுந்தால் எர்த்தைக் கொண்டுவந்து கொடுத்துச் சமாளிப்பது இந்தப் பக்கத்தில் புதிதல்ல. தோட்டத்திலும் செய்வார்கள், வீட்டிலும் செய்வார்கள். பூமி ஈரமாக இருக்கும்வரை ஓடும். கலைமதியைத் தடுத்து நிறுத்தியது அது இல்லை. இணைப்பில் சுற்றியிருந்தது வெள்ளைப் பருத்தி டேப். மேலே பழுத்து மஞ்சளான வார்னிஷ். பிரித்துப் பார்த்தார். ஏழு முறுக்கு.

பதினோரு வருடத்துக்கு முன்னால், இந்த வீட்டு மகள் இளமதிக்குச் சடங்கு. பந்தியில் இலை போட்டாயிற்று, பாதி வீட்டில் கரண்ட் இல்லை, மைக்செட்காரர் கத்திக்கொண்டிருக்கிறார். கலைமதி வீடுகளுக்கு வேலைக்கு வர ஆரம்பித்து இரண்டாவது வருடம் அது. அறுந்த இடத்தைத் தேட நேரமில்லை. எர்த்தை இழுத்து முறுக்கிவிட்டு, "இன்னைக்கு ஓடட்டும், ரெண்டு நாள்ல வந்து சரியாப் போட்டுத் தாரேன்" என்று சொல்லி, இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். உடனே மறந்துவிடவில்லை. பஸ்ஸில் இந்தத் தெருவைக் கடக்கும்போது இரண்டு தடவை ஞாபகம் வந்தது. முதல் தடவை, திங்கட்கிழமை வரலாம் என்று நினைத்தார். இரண்டாவது தடவை, ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைத்தார். அதோடு அது மனதை விட்டே போயிற்று.

"என்னத்தா, கண்டுபிடிச்சுட்டியா?" பின்னால் சொர்ணம்.

"நியூட்ரல் போயிருக்கு அத்தே. எர்த்துல ஓட்டியிருக்கு." தான் முறுக்கியதைச் சொல்லாமல் பேச்சை மாற்றினார். "எர்த் குழி எங்க? கொல்லையில குளிக்கிற எடத்துப் பக்கம் இருந்துச்சே?"

"அதையெல்லாம் மூடியாச்சு. மாமாவ நாற்காலி வண்டியில தள்ளிக்கிட்டுப் போக, மாசியில கொல்லை பூராவும் சிமெண்டு போட்டோம். தண்ணி இப்பக் குழாய் வழியாத் தெருவுக்குப் போயிருது. சொட்டு நிக்காது."

பதினோரு வருடம் அந்த முறுக்கைக் காப்பாற்றியது குளித்த தண்ணீர். மாசியில் அது நின்றது. பங்குனி வெயிலில் குழி காய்ந்தது. முதல் மிஷின் போனது. பிரிட்ஜும் ஹீட்டர் குழாயும் அதே எர்த்தில்தான் கட்டியிருந்தன. அதனால்தான் தொட்டால் சுருக்கென்றது. செருப்பில்லாமல் ஈரக் காலோடு இந்த அம்மாள் ஒரு நாள் குழாயைத் திருகியிருந்தால் உயிரே போயிருக்கும்.

பழைய முறுக்கை வெட்டி எடுத்தார். வெட்டிய துண்டைக் கீழே போடாமல், மடியில் கட்டைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டார். மணி பத்தே கால்.

புது நியூட்ரல் கம்பி மீட்டர் பெட்டியிலிருந்து உள்போர்டுக்கு வர வேண்டும். நடுவே இரண்டடிச் சுவர். துளை போடும் மிஷின் பையில் இருந்தது, அதற்குக் கரண்ட் இல்லை. சுவருக்குள் பழைய கம்பி போன ஓட்டை இருந்தது. பழைய கம்பியின் முனையில் புதுக் கம்பியைக் கட்டி, சொர்ணத்தை உள்ளே நிற்க வைத்து இழுக்கச் சொன்னார்.

"மெதுவா இழுங்க... நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்கங்கிறேன்ல!"

"நிறுத்திட்டுத்தான்த்தா நிக்கிறேன். அது தானா வந்துருச்சு."

சொர்ணத்தின் கையில் ஒரு சாண் அலுமினியம் தொங்கியது. மீதி சுவருக்குள் முறிந்து ஓட்டையை அடைத்துவிட்டது. மணி பதினொன்றரை.

உளியும் சுத்தியலும் எடுத்தார். செம்புறைக்கல் லேசில் இடம் கொடுக்காது. வெளியே பொடிப்பொடியாக உதிரும், உள்ளே போகப் போக இரும்பு. ஒவ்வோர் அடிக்கும் உள்ளேயிருந்து தங்கமுத்துவின் இருமல் பதில் சொல்வது போல வந்தது. தூசி அவர் பக்கம் போகாமல் சொர்ணம் ஈரத்துணியைக் கதவில் கட்டிவிட்டுக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், விரலில் மாட்டும் மீட்டர் காலையில் தொண்ணூற்று மூன்று காட்டியது. பன்னிரண்டரைக்குத் தொண்ணூறு. கலைமதி போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சிலிண்டர் நீடிக்கட்டும் என்று தங்கமுத்துவே திருகைக் குறைத்து வைத்திருந்தார்.

"மாமா, அதைத் தொடாதீங்க. கணக்கு எங்கிட்ட இருக்கு." திருகைப் பழைய அளவுக்கு ஏற்றினார் கலைமதி.

ஒரு மணிக்கு உளி மறுபக்கம் எட்டியது. கம்பியை நுழைத்து முக்கால்வாசி ஓட்டியிருப்பார், பக்கத்து வீட்டு டிவி திடீரென்று அலறியது. மணி ஒன்று பத்து. இருபது நிமிடம் முன்னதாகவே கரண்ட் வந்துவிட்டது. சிலிண்டர் முள் சிவப்புக்குள் இருந்தது.

சொர்ணம் ஓடி வந்தார். "ஏத்தா, கரண்ட் வந்துருச்சு. கட்டையைப் போடு."

"பதினஞ்சு நிமிஷம் அத்தே."

"பதினஞ்சா? அங்க எண்பத்தெட்டுக் காட்டுதுத்தா. ஹீட்டர் போட்டாத்தானே மிஷினு போகுது? நான் போடல. பிரிட்ஜையும் பிடுங்கிப் போட்டுர்றேன். இம்புட்டு வருஷம் ஓடுன வயரு, இன்னும் ஒரு மணி நேரம் ஓடாதா? நீ வெட்டுனதை மறுபடி முறுக்கி விடு!"

முறுக்குவதற்கு இரண்டு நிமிடம் போதும். கலைமதியின் கையில் குறடு இருந்தது.

"முறுக்குனா ஓடலாம் அத்தே. வோல்டேஜ் பத்தாம மோட்டார் இழுத்துக்கிட்டு நின்னு, சுருள் கருகவும் செய்யலாம். ஓடலாம்னு நெனச்சுத்தான் அன்னைக்கும் முறுக்குனேன்."

"என்னைக்கு?"

மடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் காட்டினார். "இளமதி சடங்கன்னைக்கு. இந்த வெள்ளை டேப்பு நான் சுத்துனது. ரெண்டு நாள்ல வாரேன்னு சொல்லிட்டுப் போனவ நான்தான். ஒங்க மிஷின் ரெண்டையும் கொன்னது ஈபிக்காரன் இல்ல."

சொர்ணம் அந்தத் துண்டையே பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "கட்டையைக் குடுடி."

கலைமதி கொடுக்கவில்லை. "சிலிண்டர் இருபது நிமிஷம் வரும். எனக்குப் பதினஞ்சு. இன்னொரு தடவை அவசரத்துக்கு முறுக்க மாட்டேன். அடிக்கணும்னா முடிச்சதுக்கப்புறம் அடிங்க."

ஈரத்துணிக்கு அந்தப் பக்கமிருந்து தங்கமுத்துவின் குரல் வந்தது. "சொர்ணம்... வெடி வச்சு... வெடிக்கலேன்னா... குவாரியில... என்ன செய்வோம்?"

சொர்ணம் கதவுப் பக்கம் திரும்பினார்.

"நிப்போம்... ஒடனே போனவன்... ஒருத்தனும்... திரும்பல. நான் நிக்கிறேன்... அவளை விடு."

கலைமதி திரும்பிக்கொண்டார். கம்பியை இழுத்து, முனையைச் சீவி, நியூட்ரல் கட்டையில் திருகினார். திருகியதை இழுத்துப் பார்த்தார். மறுபடி திருகினார். எர்த்தைத் தனியாகப் பிரித்து அதன் இடத்தில் கட்டினார். வெளியே மீட்டர் பெட்டிப் பக்கம் போய் அந்த முனையையும் முடித்தார். ஒன்று இருபத்து நாலு. ஹீட்டர் பேஸின் கட்டையை முதலில் போட்டார், பிறகு மிஷின் பேஸ். மூன்றாவது மடியிலேயே இருக்கட்டும் என்று மெயினை ஏற்றினார்.

"ஹீட்டரைப் போடுங்க."

"ஹீட்டரையா? இப்பவா?" என்றார் சொர்ணம்.

"போட்டுப் பாத்தாத்தான் மிஷினைச் செருகுவேன்."

சுவிட்ச் விழுந்தது. பிளக்கில் மீட்டர் 229 காட்டிக்கொண்டிருந்தது. 228. அங்கேயே நின்றது. பல்பு கொஞ்சமும் மினுக்கவில்லை. கலைமதி மனதுக்குள் முப்பது வரை எண்ணினார். 228.

மிஷினைச் செருகினார். பீப் என்று கத்தி, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மூச்சுவிட ஆரம்பித்தது. குழாயைச் சிலிண்டரிலிருந்து பிடுங்கி மிஷினில் மாட்டியபோது சிலிண்டரின் சீறல் நூல் போல மெலிந்திருந்தது. எண்பத்தாறு, எண்பத்தேழு. சொர்ணம் கணவரின் விரலைப் பிடித்தபடி நின்றார். தொண்ணூற்று ஒன்று வந்த பிறகுதான் விட்டார்.

"வெந்நி... காயுதுல்ல," என்றார் தங்கமுத்து. "வீணாப்... போகுது. குளிப்பாட்டு."

கலைமதி மரப்பட்டை மூடிகளை அறைந்து முடித்தார். தரையில் கிடந்த சிவப்புத் தூசியைக் கூட்டி அள்ளினார். மூன்றாவது பேஸையும் சோதித்துவிட்டுக் கட்டையைப் போட்டார். வோல்டேஜ் ஏறினால் தானாக அறுத்துவிடும் கருவி ஒன்றை நாளைக்கே கொண்டுவந்து மாட்டுவதாகவும், சிமெண்டை உடைத்து எர்த் குழிக்கு வாய் திறந்து வைப்பதாகவும் சொன்னார்.

"நாளைக்குன்னா ரெண்டு நாளா, பதினோரு வருஷமா?" என்றார் சொர்ணம்.

கலைமதி கருவிகளைப் பைக்குள் போட்டார். சொர்ணம் விடவில்லை.

"இதே மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல முறுக்கி வச்சிருக்க?"

கலைமதி ஊர் ஊராக, வீடு வீடாக மனதுக்குள் போய் வந்தார். "எனக்கு ஞாபகம் இருக்கிறது நாலு."

"அப்பறம் இங்க எதுக்கு நின்னுக்கிட்டிருக்க?"

மதியச் சாப்பாடு சாப்பிடாமலே அவர் கிளம்பினார். நாலில் மூன்று வீடுகளில் வெள்ளை டேப் அப்படியே இருந்தது. நாலாவது வீட்டில் யாரோ அதை வெட்டிவிட்டு முறையாகப் போட்டிருந்தார்கள், கறுப்பு டேப் சுற்றி. அது யார் கை என்று வீட்டுக்காரர்களுக்கும் தெரியவில்லை.